ஒரு காபிக்கு வைத்தியம்

பதினைந்து வருட அனுபவத்தின் விலை ஓசூரில் ஒரு காபி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில், சப் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே இருந்த காபி கிளப்பில், புளி மண்டி வெங்கடப்பன் அந்த விலைக்குத்தான் தன் கார் ஞானத்தை விற்றுக்கொண்டிருந்தார். காபி திக்காக இருந்தால் யோசனையும் திக்காக இருக்கும்.

போன மாதம் பாரூர் கரும்புத் தோட்டக்காரர் சென்றாயன், கார் வாங்குவதற்கு முன்பே வந்து இரண்டு காபி வாங்கிக் கொடுத்தார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது முதல் வண்டியைப் பத்திரமாக நிறுத்துவது வரை அத்தனையும் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.

இந்த வாரம்தான் வியாபாரம் மந்தம். பட்டுக்கூடு வியாபாரி ராமப்பனின் கார் நின்றபோது, "என்ஜினையே இறக்கணும்" என்று வெங்கடப்பன் தீர்ப்புச் சொல்லியிருந்தார். மெக்கானிக் வந்து பெட்ரோல் ஊற்றினான், ஓடிவிட்டது.

"இனிமே உங்க காபிக்கு நீங்களே காசு குடுத்துக்குங்கண்ணா" என்று ராமப்பன் கிளப் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தெய்வாதீனமாக எதிரே மரத்தடியில் ஒரு கார் கிளம்ப மறுத்தது.

கறுப்புக் கார். முகப்பில் போட்ட மாலை இன்னும் வாடவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் உள்ளே உட்கார்ந்து செல்ஃப் ஸ்டார்ட்டரை இழுத்துக்கொண்டே இருந்தார். அது முதலில் கத்தியது, பிறகு முனகியது, பிறகு பேச்சையே நிறுத்திவிட்டது.

வெங்கடப்பன், ராமப்பன், கூடவே இன்னொரு கார் முதலாளி ஆஞ்சப்பன் என்று மூன்று பேரும் எழுந்து போனார்கள்.

"என்னங்க ஆச்சு?"

"கிருஷ்ணகிரியிலருந்து வரேன் சாமி. வெத்தலை வாங்க நிறுத்தினேன், திரும்பக் கிளம்பல. அஞ்சு மணிக்குள்ள பெங்களூர் போவணும். மக கல்யாணப் பேச்சு. பஸ்ஸுல போயி இறங்கினா அந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கதவையே திறக்க மாட்டாங்க."

"வண்டி புதுசுங்களா?"

"கைக்கு வந்ததே இன்னிக்குத்தாங்க."

பானட்டைத் திறக்கும் கொக்கி எங்கே என்று அவர் தடவித் தேடியதை வெங்கடப்பன் பெரிய மனது பண்ணி மன்னித்தார். தானே திறந்துவிட்டார்.

"வெயில்ல பெட்ரோல் ஆவியாயிருக்கும். பம்ப்பு மேல ஈரத்துணி போடுங்க" என்றார் ஆஞ்சப்பன். கோளாறு எதுவானாலும் அவருக்கு ஈரத்துணிதான். போன வருடம் பஞ்சரான டயருக்கும் அதையேதான் சொன்னார்.

துணி போட்டார்கள். ராமப்பன் சொன்னபடி பிளக்குகளைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார்கள். ஹேண்டிலைச் செருகிச் சுற்றியதில் ஆஞ்சப்பனுக்கு மூச்சு வாங்கியது, காருக்கு வாங்கவில்லை. கல்யாணம் அரை மணி நேரம் தள்ளிப் போயிற்று.

"அண்ணன் ஒண்ணும் சொல்லக் காணோமே. இதுக்கும் என்ஜினை இறக்கணுங்களா?" என்றார் ராமப்பன்.

வெங்கடப்பன் டிஸ்டிரிபியூட்டரின் இரண்டு கிளிப்பையும் நெம்பி மூடியைத் தூக்கினார். உள்ளே பார்த்தார். முகத்தில் பதினைந்து வருடமும் ஒன்றாக மலர்ந்தது.

"உள்ள ரோட்டரையே காணோம். கட்டைவிரல் அளவு சாமான். அது சுத்தினாத்தான் பிளக்குக்குக் கரண்ட்டு போகும்."

"அது இல்லாம கிருஷ்ணகிரியிலருந்து எப்பிடிண்ணா வந்துச்சு?"

"நம்ம ரோட்டுல வாயில இருக்கிற பல்லே ஆடிடுது. ரோட்டர் கழண்டு விழாதா?"

ராமப்பன் இறுக்கமான அந்த மூடியைப் பார்த்தார், கிளிப்புகளைப் பார்த்தார். பெட்ரோல் ஊற்ற மறந்தவருக்குப் பேச வாய் ஏது?

"அப்ப சம்பந்தம் போச்சுங்களா சாமி?" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர். குரல் உடைந்திருந்தது.

வெங்கடப்பன் நேராகத் தன் காரிடம் போனார். அதே கம்பெனி, அதே மாடல். அதிலிருந்த ரோட்டரைப் பிடுங்கிக்கொண்டு வந்து கறுப்புக் காரில் பொருத்தி மூடியை மாட்டினார்.

"நாளைக்கு அங்க புதுசு வாங்கிப் போட்டுக்கிட்டு, இதைப் பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்து அனுப்புங்க. புளி மண்டி வெங்கடப்பன்னா போதும்."

"செத்தாலும் மறக்க மாட்டேங்க."

செல்ஃப்தான் ஏற்கெனவே ஓய்ந்துவிட்டதே. மூன்று கார் முதலாளிகளும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். இருபது அடியில் என்ஜின் பிடித்துக்கொண்டது. வெள்ளைச் சட்டைக்காரர் ஜன்னல் வழியே ஒரு கும்பிடு போட்டார். கார் அத்திப்பள்ளி ரோட்டில் புழுதியாகிப் போனது.

"இன்னிக்குக் காபி என் காசுண்ணா" என்று ராமப்பன் தோல்வியை ஒப்புக்கொண்டார். வெங்கடப்பன் சர்க்கரை தூக்கலாகச் சொன்னார்.

டம்ளரை வாயில் வைத்தபோது சப் கலெக்டர் ஆபீசிலிருந்து வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார் பாரூர் சென்றாயன்.

"உங்களுக்கு ஒரு காபி வாங்கிக் குடுக்காமப் போகக் கூடாதுங்க. வாய்க்கால் மனு குடுக்கக் காலையிலருந்து உள்ளயே நின்னேன். ஆனா புது வண்டிய வெளிய விட்டுட்டு வந்தோமேன்னு ஒரு துளி பயம் இல்ல. சாவியைக்கூட அதுலயே விட்டுட்டேன்னா பாருங்களேன். எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்த வித்தை."

சட்டைப்பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துப் பிரித்து மேசைமேல் வைத்தார். கட்டைவிரல் அளவு சாமான்.

வெங்கடப்பன் டம்ளரை வைத்துவிட்டு, எதிரே காலியாகக் கிடந்த மரத்தடியைப் பார்த்தார். ராமப்பன் அந்தச் சாமானை எடுத்து உள்ளங்கையில் வைத்து, பட்டுக்கூடு மாதிரி எடை பார்த்தார்.

"போனது ஒரு ரோட்டர், வந்தது ஒரு ரோட்டர். அந்தக் கணக்கு நேருங்கண்ணா. கார்தான் ஒண்ணு பாக்கி."