தண்ணீர் ஊற்றிய குழி

ஆய்வகத் திரையில் கோடுகள் வந்துவிட்டன.

ஒன்று, இரண்டு, மூன்று. ஜெல் தட்டின் ஆறு குழிக்கும் ஆறு வெள்ளைக் கோடுகள். பளிச்சென்று!

"ஏட்டி, வந்துட்டுல்லா!" ஜெபசீலி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அவள் இன்னும் கத்தவில்லை. ஏழாவது குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் ஆறில் காசநோயாளிகளின் சளியிலிருந்து எடுத்த டிஎன்ஏ. கிருமி இருந்தால் கோடு வரும். ஏழாவதில் வெறும் தண்ணீர். அதில் கோடு வரவே கூடாது.

வந்தால் மற்ற ஆறையும் நம்ப முடியாது.

போன வாரம் வந்தது. முந்தாநாளும் வந்து தொலைத்தது.

"அந்த ஓரத்தக் கத்தரிச்சிட்டுக் காட்டுட்டி, யாரு கேக்கப் போறா?" என்றாள் ஜெபசீலி அப்போது.

கத்தரிக்கவில்லை. இரண்டு படத்தையும் முழுசாக நோட்டில் ஒட்டி ஆய்வகத் தலைவர் ரெஜினா மேடத்திடம் நீட்டினாள். மேடம் "ம்" என்றார். அந்த "ம்" நல்லதா கெட்டதா என்று இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள்.

அரசுக் கல்லூரிகளிலிருந்து வந்த எட்டுப் பேர். ஜெபசீலியும் அதில் ஒருத்தி. ஆறு வாரப் பயிற்சி, இன்று வெள்ளியோடு முடிகிறது. அதன்பின் ஒருவரை மட்டும் இங்கேயே ஓராண்டு ஆய்வுக்கு வைத்துக்கொள்வார்கள்.

அவள் கல்லூரியில் நாற்பது பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப். அதிலும் பல்பு எரியாது.

தண்ணீர் எப்படிக் கெட்டது? நேற்றுதான் கண்டுபிடித்தாள். மேசையில் ஒரே பாட்டில். எட்டுப் பேரும் அதற்குள்தான் பிப்பெட் உறிஞ்சுகுழாயை விட்டார்கள். யாரோ அவசரத்தில் டிஎன்ஏ ஒட்டிய முனையை மாற்றாமலே விட்டிருக்கிறார்கள். யாரோ என்ன, அவளாகவே இருக்கலாம்.

புதுப் பாட்டில் கேட்டு வாங்கினாள். "தொட்டால் கொலை விழும்" என்று எழுதி ஒட்டினாள்.

இப்போது ஏழாவது குழி இருட்டாகத்தான் இருந்தது.

போதாது. மங்கலான கோடு கண்ணுக்குத் தப்பிவிடும்.

மவுஸைப் பிடித்து வெளிச்சத்தை ஏற்றினாள். ஆறு கோடுகளும் வீங்கின. படம் முழுக்கச் சாம்பல் பூத்தது.

"எதுக்குட்டி நல்ல படத்தக் கெடுக்க?"

இன்னும் ஏற்றினாள். கடைசி வரைக்கும்.

ஏழாவதில் ஒன்றுமில்லை.

ஒன்றுமே இல்லை!

அப்போதுதான் கத்தினாள். அடுத்த அறையிலிருந்து இரண்டு பேர் எதுவோ உடைந்துவிட்டது என்று ஓடிவந்தார்கள். ஜெபசீலியைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம்.

திரும்பினால் ரெஜினா மேடம். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

மேடம் திரையைப் பார்த்தார். வெளிச்சம் கடைசி எண்ணில் நிற்பதையும் பார்த்தார்.

"ஒரு தடவ வந்தா போதாதும்மா. திங்கக்கிழமை மறுபடியும் பண்ணிப் பாரு."

போய்விட்டார்.

"திங்கக்கிழமையா? இன்னைக்கோட முடியுதுல்லா..." ஜெபசீலி பாதியில் நிறுத்தினாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

இவள் புது டியூப்களை எடுத்து அடுக்கினாள். மூடிகளில் தேதி எழுத வேண்டும்.

திங்கட்கிழமை என்ன தேதி? சத்தியமாக மறந்துபோயிருந்தது.

"பதினாறுட்டி," என்றாள் ஜெபசீலி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "எழுது."