விரலுக்கடியில் ஒரு வரி

புயலில் கரை திரும்பாத படகுகளைத் மீட்பு மையத்தின் திரைகளில் காட்டும் பட்டியலுக்கு நிரல் எழுதியவள் ஜெஸ்லின். அவசரத்தில் எளிய வழியைப் பிடித்திருந்தாள்: ஒவ்வொரு திரையும் படகின் நிலையைத் தன் வரியிலேயே எழுதி வைத்துக்கொள்ளும். அதனால் நேற்று, மையத்தின் உள்ளறையில் 'வந்தது' என்று மாற்றிய ஒரு படகு, குடும்பங்கள் காத்திருக்கும் கூடத்துத் திரையில் மூன்று மணி நேரம் 'வரவில்லை' என்றே நின்றது. அவ்வளவு நேரமும் ஒரு குடும்பம் அழுதுகொண்டிருந்தது.

விடிவதற்குள் எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு மறுபடி எழுதினாள். இப்போது வரிகளிடம் சொந்தமாக எதுவும் கிடையாது. விவரம் ஓரிடத்தில் மட்டும் இருந்தது. எந்தத் திரையானாலும் அங்கே கேட்டுத்தான் காட்ட வேண்டும்.

காலையில் கூடத்துக்கு வந்தபோது, மரியலில்லி என்ற பெண், திரையில் இன்னும் வராத படகுக்கான சிவப்பில் இருந்த 'ஆரோக்கியத் தாய்' என்ற பெயரின்மேல் விரலை வைத்து நின்றிருந்தாள். அவள் கணவன் போன படகு அது.

"உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு இன்னைக்கும் காட்டுமா?"

"இல்லக்கா. இருக்கது ஒண்ணுதான். ரெண்டு பக்கமும் நின்னு அதத்தான் பாக்கோம்."

உள்ளறையில் வயர்லெஸ் கரகரத்தது. யாரோ ஒரு பொத்தானைத் தட்டினார்கள். மரியலில்லியின் விரலுக்கடியில் சிவப்பு பச்சையாயிற்று.

ஜெஸ்லினுக்கு உடம்பு சிலிர்த்தது. தான் எழுதியதுதான் என்பது அந்தக் கணம் நினைவில் இல்லை.

மரியலில்லி விரலை எடுக்கவில்லை. "கைய எடுத்தா மாறிருமா?" என்றாள்.

மாறாது என்று ஜெஸ்லினுக்குத் தெரியும். ஆனாலும் தன் விரலையும் அவள் விரலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.