குதிரையின் பின்பாதி

நெஸ்தோரஸின் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குதிரைத்தோலுக்குள் குனிந்து நின்ற அர்ஜீரிஸுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

உள்ளே வந்தாயிற்று. முன்னால் நிற்கும் நெஸ்தோரஸுக்கே ஆள் மாறியது தெரியாது.

மருந்துக்கடைக்காரர் நெஸ்தோரஸ் முன்பாதி. தாடியும் தொந்தியுமாக இடுப்புவரை மனிதன். அதற்குப் பின்னால் நீளும் தோலும் வாலும் குனிந்து நிற்பவனின் கால்களும் சேர்ந்து குதிரை. மொத்தமும் சேர்ந்தால் பழைய கிரேக்கக் கதையின் குதிரைமனிதன் கைரோன். இந்தப் பீலியோன் மலையில் ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்துவிட்டு, தன் காலில் பாய்ந்த விஷ அம்பின் புண்ணை மட்டும் ஆற்ற முடியாமல் போனவன்.

புண் ஆறாதவனுக்குத்தான் அடுத்தவர் புண் புரியும் என்பது பழைய தெய்வங்களுக்குத் திரும்பிய இந்தச் சிறு கூட்டத்தின் நம்பிக்கை. அதனால் வசந்தம் வந்தால் சதுக்கத்தில் கூடுவார்கள். மாதா கோயில் மணி அன்றைக்குக் கொஞ்சம் சத்தமாகவே அடிக்கும். அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

குதிரையின் முதுகில் கை வைத்து மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்து இரண்டு தட்டு. உள்ளே இருப்பவன் ஒரு மிதி மிதிப்பான். கேட்டேன் என்று அர்த்தம். அவ்வளவுதான் வைத்தியம்.

வருஷா வருஷம் உள்ளே நிற்பவர் ஸ்தாமாதிஸ். அவருக்கு இரண்டு காதும் சுத்தமாகக் கேட்காது. ஊரே அந்தத் தைரியத்தில்தான் வாயைத் திறந்தது.

அவரிடம் சைகையிலேயே கெஞ்சி, காலில் விழாத குறையாக அந்த இடத்தை வாங்கியிருந்தான் அர்ஜீரிஸ்.

எல்லாம் மெரோப்பிக்காக.

கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று பனிக்காலத்தில் அவளைக் கேட்டிருந்தான். பதில் இன்னும் வரவில்லை. "கைரோன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்து சொல்றேண்டா" என்று போன வாரம் சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தையை முன்கூட்டியே கேட்டுவிட்டால் என்ன?

கூரை மேல் ஏறிப் பலகைக்கல் பதிக்கிறவன், நாற்பது வயதுக்காரன், இப்படிக் குதிரைக்குள் ஒளிந்து நிற்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆசைக்கு முன்னால் அந்த வெட்கம் எடுபடவில்லை.

மேளம் தொடங்கியது. முதுகில் கைகள் விழத் தொடங்கின.

"பக்கத்து வீட்டு அத்திமரத்துக்கு உப்புத்தண்ணி ஊத்தினது நான்தான். இப்ப அதைப் பார்த்தா பாவமா இருக்கு" என்றாள் பள்ளிக்கூட டீச்சர்.

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு மிதித்தான்.

அடுத்து வந்தவர் வெறுமனே கையை வைத்துக்கொண்டு அழுதார். காதைப் பொத்திக்கொள்ளலாம் என்றால் கை இரண்டும் பெல்ட்டில் இருந்தன. செய்தது தப்பு என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்த மனிதருக்காக நன்றாக ஊன்றி மிதித்தான்.

பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவள்தான்.

"கைரோனே, பஸ் ஓட்டி அலுத்துப்போச்சு, விட்டுட்டேன்னு எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன். கண்ணு போய்க்கிட்டிருக்கு. ஓரத்திலேருந்து இருட்டிக்கிட்டே வருது. எங்கம்மாவுக்கு வந்த அதே வியாதி. மருந்து கிடையாதாம்."

அவள் கை தோலின் மேல் இறுகியது.

"ஒருத்தன் கட்டிக்கிறேன்னு நிக்கிறான். அவன் மூஞ்சியப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் தெம்பில்ல."

இரண்டு தட்டு.

அவனுக்குக் கால் வரவில்லை. பஸ்ஸை விட்டதற்கு, சோம்பேறி சோம்பேறி என்று ஊர் முன்னால் அவளைக் கேலி செய்தவன் அவன்தான். அன்றைக்கு அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

மறுபடி இரண்டு தட்டு.

அப்புறம் அவள் குனிந்தாள். குரல் தோலுக்கு மிக அருகில் வந்தது.

"டேய் அர்ஜீரிஸ். ஸ்தாமாதிஸ் அண்ணன் காபிக்கடையில உக்காந்து பொரிச்ச மீன் தின்னுக்கிட்டிருக்காரு. அதுவும், கீழ நிக்கிற உன் செருப்பும் தெரியாத அளவுக்கு என் கண்ணு இன்னும் போயிடல."

அவன் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான்.

"இதுக்கப்புறமும் நான் வேணும்னா மிதி. வேணாம்னா சும்மா நில்லு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது.

அவன் மிதித்தான். ஒன்று போதாது என்று இன்னொன்று மிதித்தான். அதுவும் போதவில்லை. வலது காலால், இடது காலால், பிறகு இரண்டு காலாலும் எம்பிக் குதித்துக் குதித்து மிதித்தான்.

"யோவ் ஸ்தாமாதிஸ், நிறுத்துய்யா! பேண்ட் அவுருது!" என்று முன்பாதி அலறியது.

மேளக்காரனுக்கு வெறி ஏறிவிட்டது. கைரோன் வந்துவிட்டான் என்று சனம் கத்திக் கூத்தாடியது. நெஸ்தோரஸ் ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் மறு கையை உயர்த்தி எல்லோரையும் ஆசீர்வதித்தார்.

மெரோப்பி கையை எடுக்கவில்லை.