பம்மிய பிளேடு

சோப்புப் பெட்டியின் மூலையில் கிடந்த பழைய பிளேடு, ரேஸரில் ஏறப்போன புதுப் பிளேடைப் பார்த்து முனகியது.

"தம்பி, பார்த்துப் போ. சுகவனம் இப்பத்தான் ரேஸர் பிடிக்கவே பழகுறான். நேத்து அழுத்தி இழுத்தது அவன். ரத்தம் வந்ததும் 'பாழாப்போன பிளேடு'ன்னு என்னைக் கழட்டி இங்க எறிஞ்சிட்டான்."

புதுப் பிளேடு பயந்துகொண்டே ரேஸரில் ஏறியது. வெட்டாமலே இருந்துவிட்டால் வம்பில்லை என்று முடிவுகட்டி, கன்னத்து நுரையில் பட்டும் படாமலும் நழுவியது. முடி அறுபடவில்லை. சுருக்கென்று இழுத்ததுதான் மிச்சம். சுகவனம் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினான். அழுத்திய கையோடு கழுத்துக்கு இறங்கினான். அங்கே தோலுக்கு அடியில் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, அழுத்துறானே!" என்று அலறியது புதுப் பிளேடு.

"நீ பம்முறதாலதான்டா அழுத்துறான்! முடியை அறு!"

பிளேடு கண்ணை இறுக மூடிக்கொண்டு தன் கூர் முழுவதையும் காட்டியது. சரக்கென்று முடி அறுந்தது. இழுப்பு நின்றதும் சுகவனத்தின் பிடி தானாகத் தளர்ந்தது; மீதி வேலையை ரேஸரின் கனமே பார்த்துக்கொண்டது. ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

முகம் கழுவி, கண்ணாடி முன் நின்று தாடையைத் தடவிப் பார்த்தான். புதுப் பிளேடு, ஈரம் சொட்டச் சொட்ட, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"பரவாயில்லையே, கை பழகிடுச்சு!" என்றான் சுகவனம்.

பழைய பிளேடு மெல்ல நகர்ந்து, மூலையில் தம்பிக்கும் இடம் விட்டது.