எண்ணிக்கை மட்டும் சரி

"எண்ணிக்கை சரியா இருக்குன்னு காலையிலயே சொன்னியே, அப்புறம் ஏன் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" "எண்ணிக்கைய மட்டும்தாண்ணே பாத்தேன், கீயை ஒப்பிடல." ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில், பக்கத்து மேசைக்காரரிடம் பதில் சொல்லும்போதும் அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஜன்னல் தடுப்பின் வழியே விழும் வெயில் அவள் விரல்களைக் கோடு கோடாக அறுக்கிறது. பழைய மென்பொருளில் டிக்‌ஷனரி என்னும் தகவல் பட்டியல் ஒன்று, இன்று அவள் மாற்றிவிட்ட புதியதில் ஒன்று. இரண்டிலும் நோயாளியின் எண்தான் கீ, தகவலைத் திறக்கும் சாவி. அதைக் கொடுத்தால் அவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர் வரும். பழையதில் இருக்க, புதியதில் விட்டுப்போன கீ எது என்று இப்போதுதான் கேட்டாள். கறுப்புத் திரையில் ஒரே ஒரு எண் வந்து நிற்கிறது. சோதனைக்காக அவளே உருவாக்கி, அழிக்க மறந்த போலி நோயாளி புதியதில் அந்த இடத்தை அடைத்துக்கொண்டதால் கணக்கு இடிக்கவே இல்லை. "பொறக்காத ஆளுக்குப் படுக்கை குடுத்திட்டியா?" என்று சிரிக்க வந்தவர், எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்குகிறார். "விட்டுப்போன இந்த ஆள் இப்ப உள்ள இருக்காரா?" "ரெண்டாவது மாடிலண்ணே. பென்சிலின் ஆகாது, புதுசுல அது காட்டாது." தொலைபேசியின் சுருள் கம்பி அவள் மணிக்கட்டில் சுற்றி இறுகுகிறது. மறுமுனையில் மருந்து வண்டியின் சக்கரம் கிறீச்சிடுகிறது, யாரோ இருமுகிறார்கள். "சிஸ்டர், கம்ப்யூட்டர் ரூம்லேருந்து பேசறேன். ஜன்னலோரப் படுக்கைக்காரருக்கு பென்சிலின் ஊசி எதுவும் இன்னும் போடல இல்ல? கொஞ்சம் ஓடிப்போய்ப் பாத்துச் சொல்லுங்க சிஸ்டர்."