படத்தில் ஒரு வட்டம்

டிராம் வரப்போகும் தெருவின் வரைபடத்தைப் பலகையில் மாட்டிவிட்டு இன்ஜினியர் செண்பகவல்லி திரும்பியபோது, இஸ்திரி வண்டிக்கார ஏகாம்பரம் பின்னால் நின்றிருந்தார்.

"நீங்க போட்ட படமாம்மா? நடக்க இவ்ளோ இடமா! சைக்கிளுக்குத் தனி வழி வேற. ராஜா மாதிரி போவானுங்க. சரி, நம்ம வண்டி எங்க இருக்கு?"

கூட்டம் இருக்காதென்று ஞாயிற்றுக்கிழமை வந்து தெருவை அளந்தவள் அவள். ஞாயிறென்றால் அவர் வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். படத்தில் வேப்பமரம் இருந்தது, விளக்குக் கம்பம் இருந்தது. அவள் உடுத்தியிருந்த புடவையைத் தேய்த்துக் கொடுத்த வண்டி மட்டும் இல்லை.

விட்டுப்போச்சு என்று சொல்ல வாய் வரவில்லை. விரல் போய் ஒரு சின்ன வட்டத்தைத் தொட்டது. "இதோ, இங்க."

அது குப்பைத்தொட்டி.

ஏகாம்பரம் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியா தெய்வான, நம்மள மறக்கல. நீதான் பயந்து செத்த."

அடுத்த வாரம் கடப்பாரையோடு ஆட்கள் வந்தார்கள். வண்டியை எடுக்கச் சொன்ன மேஸ்திரியிடம் ஏகாம்பரம் சிரித்தார்.

"படத்துல இருக்குப்பா. போட்டவங்களே காட்டினாங்க. இதோ வராங்க, கேளு."

மேஸ்திரி திரும்பினான். "இருக்குதுங்களா மேடம்?"

அதற்குள் தெய்வானை, மடித்த புடவையைச் செண்பகவல்லியின் கையில் வைத்தாள்.

"பாத்துப் பிடிங்கம்மா, சூடு ஆறல."