பிரித்துத் தைத்தது

வீங்கியிருப்பது என் மனைவியின் இடது கை. டாக்டரம்மா ஊசி செருகுவது வலது கையில்.

முப்பது வருஷமாக ஊசியோடு குடித்தனம் நடத்துகிற தையல்காரன் நான். கிழிந்த இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்து இடத்தில் தைக்கிறவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

கேட்டே விட்டேன். மார்பில் ஆபரேஷன் செய்து, அக்குளில் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்த பக்கம் அது, அந்தக் கையில் ஊசி பட விடமாட்டேன், அக்குபங்சரில் மற்ற கையிலும் கால்களிலும் குத்தியே அதற்கான வைத்தியத்தைப் பார்ப்பேன் என்றார்.

எல்லாம் காது இல்லாத ஊசிகள். இதை வைத்துக்கொண்டு என் கடையில் ஒரு பொத்தான்கூடத் தைக்க முடியாது என்றேன். படுத்திருந்தவள் சிரித்துவிட்டு, அசையக் கூடாது என்று திட்டு வாங்கினாள்.

ஊசிக்கு முன்னால் டேப் வைத்து இரண்டு கையையும் அளந்திருந்தார். மேல்கையில் ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம். அவர் டேப்பைச் சுற்றும்போதே எனக்குத் தெரியும். எங்கள் கணக்கில் இரண்டேகால் இன்ச்சுக்குக் கொஞ்சம் மேலே.

“இது ஒரு வாரத்து வீக்கம் இல்லையேம்மா. வருஷத்துக்கு மேல ஆகியிருக்கும் போலிருக்கே,” என்றார்.

“இல்ல டாக்டர், போன வாரம்தான். ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு அனுப்பறப்பவே ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாங்க, சட்டைக் கை இறுக்கிச்சுன்னா அன்னைக்கே ஃபோன் பண்ணுன்னு. தினம் காலைல பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஒரு நாள்கூட இறுக்கல. போன வாரம் இறுக்கிச்சு, உடனே ஃபோன் போட்டேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் சும்மா இருப்பானேன்னு இங்க வந்தேன்.”

எல்லாக் கேள்விக்கும் விடை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி சொன்னாள்.



நர்ஸ் அதைச் சொன்னபோது நான் கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தேன். சட்டைக் கை விஷயம் இன்றைக்குத்தான் என் காதில் விழுகிறது.

வீக்கத்தை நான் முதலில் பார்த்தது ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது மாதம். மத்தியானம் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சட்டைக் கையின் விளிம்பு பதிந்து, இடது மேல்கையில் சிவப்பாக ஒரு கோடு. அந்த இடம் மரத்துப்போயிருந்ததால் அவளுக்கு உறைக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கண்ணாடியில் பார்ப்பதையும் அவள் விட்டிருந்தாள். தலையில் முடி இரண்டு விரல் அளவு முளைத்து, அப்போதுதான் மறுபடி சிரிக்க ஆரம்பித்திருந்தாள்.

இவள் இதற்கும் சேர்த்து அழ வேண்டாம் என்று நினைத்தேன்.

அன்று மாலையே அவள் சட்டையில் இடது கையின் தையலைப் பிரித்து, கால் இன்ச் தளர்த்தித் தைத்தேன். எந்தத் தையல்காரனும் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்பான். அந்தத் துணி தீர்ந்ததும் அதே நிறத்தில் பட்டை வைத்து ஒட்டுப்போட்டேன். பழைய தையல் ஓட்டைகள் தெரியாதபடி ஈரத்துணி போட்டு இஸ்திரி வைத்தேன். வீட்டில் இஸ்திரி என் வேலை, அதனால் வசதியாகப் போயிற்று. ஒன்பது சட்டைகள். ஒன்றரை வருஷம்.

கடையில்கூட இவ்வளவு நேர்த்தியாக நான் எதையும் தைத்ததில்லை. அதில் பெருமை வேறு பட்டுக்கொண்டேன், மடையன்.

தங்கை வீடு மாற்றுகிறாள் என்று போன வாரம் நான் ஊரில் இல்லை. சட்டை இறுக்கியது அப்போதுதான்.

“ஊசியால கனம் கொஞ்சம் குறையலாம். பழைய கை திரும்பும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆரம்பத்துலயே பாத்திருந்தா நல்லா அடங்கியிருக்கும். வெள்ளிக்கிழமை கண்டிப்பா போயிடுங்க. இது அதுக்குப் பதில் கிடையாது,” என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா திரையை இழுத்து மூடிக்கொண்டு போனார்.

ஆரம்பம் எந்த நாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஊசிகள் இருபது நிமிஷம் இருக்க வேண்டுமாம். சொல்வதற்கு இருபது நிமிஷம் தாராளம். மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும், தண்ணீர் வேணுமா, விசிறி வேகமாக இருக்கா, கால் குளிருதா என்று எதையோ கேட்டு வைத்தேன்.

அவள் கண்ணை மூடியபடியே பேசினாள். “கை கனக்குதுன்னு உங்ககிட்ட எத்தனையோ நாள் சொல்ல வந்திருக்கேன். அப்புறம் சட்டையைப் பாத்தா தொளதொளன்னு இருக்கும். வீணா உங்களைப் பயமுறுத்தறோமோன்னு விட்டுடுவேன்.”

அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

ஊசிகளை எடுத்துவிட்டு, மெதுவாகக் கிளம்பச் சொன்னார்கள். கையைச் சுருட்ட வசதியாக என் பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். இங்கிருந்து நேரே ஆபீஸ் போக வேண்டும். பையிலிருந்த பச்சைச் சட்டையை எடுத்து நீட்டினேன். போன வாரம் இறுக்கியதே, அந்தச் சட்டை.

இடது கை வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

அப்படியே நின்றாள். சட்டைக் கைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு மூன்று விரல். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

“ஏங்க, பாருங்களேன்! ஒரே தடவைல எப்படி வத்திடுச்சு! இனிமே ஆஸ்பத்திரிக்கு எதுக்கு? வெள்ளிக்கிழமை வரலைன்னு ஃபோன் பண்ணிச் சொல்லிடுங்க.”

ஃபோனை எடுத்து என் கையில் வைத்தாள்.

“அது ஊசி இல்லம்மா,” என்றேன். “நேத்து மத்தியானம் நான்தான் பிரிச்சுத் தைச்சேன்.”